மலை மேல் மீன் வலை

அத்தியாயம் 7

"அந்தக் கெட்டிச் சாமானை எடுடா" என்றாள் துமார்.

எர்மெக் நிவா காரின் டிக்கிக்குள் தலையை விட்டபடி யோசித்தான். அதற்குள் கெட்டியாக இல்லாத சாமான் என்று எதுவுமே கிடையாது. போன வாரம் வாங்கிய போர்சோக் ரொட்டிகூட இப்போது கெட்டிதான்.

"எது அக்கா?"

"அதான், டயரைக் கழட்டறது. நீளமா, கறுப்பா இருக்குமே."

"இரும்புக் கம்பியா?"

"அதேதான். குடு."

இரண்டு வருடமாக இதே கதை. ஊரில் உள்ள எல்லாச் சாமானுக்கும் பெயர் சொல்லும் அக்காவுக்கு இரும்பு என்ற சொல் மட்டும் வாயில் வராது. நாற்பத்தாறு வயதுக்கே இப்படி ஒரு மறதியா என்று எர்மெக் உள்ளுக்குள் பரிதாபப்பட்டுக்கொள்வான். தலைநகர் பிஷ்கெக்கில் பதினோரு வருடம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு டேட்டாபேஸ் பாடம் நடத்தி, வெறுத்துப்போய்த் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். அவன் அதற்கு முன் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். 'அக்கா மூளை, நான் கியர்' என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவான். மூன்றாவது கியர் விழாது என்பதை மட்டும் சொல்ல மாட்டான்.

டயர் மாற்றி, மலையேறி, மேய்ச்சல் சங்கத்து அலுவலகத்தை அடைந்தபோது மணி மூன்று. வாசலில் பன்னிரண்டு மந்தைகள் நின்றன. சங்கத் தலைவர் நட்ட பூச்செடிகளில் பாதி அவற்றின் வயிற்றுக்குள் போயிருந்தது. மீதியையும் விட்டுவைக்கிற உத்தேசம் தெரியவில்லை.

தலைவர் மம்பெத் படியிறங்கி வந்தார். ஒரு கையில் சங்கத்தின் நீல முத்திரை, இன்னொரு கையில் டைப் செய்த கடிதம்.

"வாங்கம்மா துமார். பாருங்க நிலைமையை. கோடை மேய்ச்சலுக்கு ஜைலோ ஏறணும்னு ஜனங்க காலையிலேர்ந்து நிக்கிறாங்க. எந்த மந்தை எந்த மலைக்குன்னு இந்த வருஷம் கம்ப்யூட்டர் சீட்டு வேணும். சீட்டு இல்லாம பாலத்துக் காவல்காரன் கதவைத் திறக்க மாட்டான். அஞ்சு மணிக்கு அவன் பூட்டிட்டுப் போயிடுவான். கம்ப்யூட்டர்ல பதிவேடே உருவாக மாட்டேங்குது. அப்புறம்..."

தொடருவார் என்று எர்மெக் காத்திருந்தான். அவர் அத்தோடு நின்றுவிட்டார். அவர் எந்த வாக்கியத்தையும் 'அப்புறம்' என்றுதான் முடிப்பார், அப்புறம் ஒன்றும் வராது என்பது அவனுக்குப் புரிய இன்னும் நாலு வாக்கியம் பிடித்தது.

"கையில என்ன கடிதம்?" என்றாள் துமார்.

"போலீஸுக்குப் புகார். எங்க ஆபரேட்டர் பொண்ணு பெர்மெத் வேணும்னே பதிவேட்டைக் கெடுத்துட்டான்னு. முத்திரை குத்த வேண்டியதுதான் பாக்கி. நாரின்லேர்ந்து ஒரு புரோகிராமர் பாதி எழுதிக் குடுத்தான், இவ பாதி எழுதினா. போன மாசம் இவளோட பழைய கம்ப்யூட்டர்ல இதே ஃபைல் ஓடிச்சு, என் கண்ணால பாத்தேன். நேத்து புது கம்ப்யூட்டர் வந்துச்சு. போட்டா, வரிசையா சிவப்பு. என்ன பிழைன்னு வாசிம்மான்னு மூணு தடவை கேட்டேன். ஸ்க்ரீனைப் பாக்கறா, தரையைப் பாக்கறா. வாயே திறக்கல. தப்பு செய்யாதவ ஏன் வாசிக்க மாட்டா? அப்புறம்..."

"அஞ்சு மணி வரைக்கும் முத்திரையைப் பையில வைங்க" என்றாள் துமார்.

உள்ளே கணினிக்குப் பக்கத்தில் பெர்மெத் உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வயது இருக்கும். தலைத்துணிக்குக் கீழே கண் வீங்கியிருந்தது. இருந்தும் எழுந்து பால் தேநீர் ஊற்றி இருவருக்கும் வைத்தாள். தன்னைப் பிடிக்க வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றும் குற்றவாளியை எர்மெக் தன் தொழில் வாழ்க்கையில் சந்தித்ததில்லை. அவன் தொழில் வாழ்க்கை இரண்டு வருடம்தான்.

"நீ ஏதாவது சொல்லணுமா?" என்றாள் துமார்.

"நான் கெடுக்கலக்கா."

"பின்ன ஏன் வாசிக்கல?"

பெர்மெத் ஜன்னலைப் பார்த்தாள்.

துமார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையில் சிவப்பு வரிகள் ஏழு.

"ஏழு கொலையா, அக்கா?"

"அவசரப்படாத. முதல் பிணத்தை மட்டும் பாரு. மத்ததெல்லாம் அது விழுந்ததுல தடுக்கி விழுந்ததா இருக்கும்."

முதல் அட்டவணை மேய்ப்பர்களுடையது. அவர்களை அங்கே சாபான் என்பார்கள். 'கிரியேட் டேபிள்' என்று ஆரம்பித்து, அடைப்புக்குறிக்குள் எண், பெயர், தொலைபேசி என்று வரிசையாகப் போய், அடைப்புக்குறி மூடுகிற இடத்தில் கணினி முரண்டு பிடித்திருந்தது.

"இங்க பாரு. கடைசி வரிக்குப் பின்னால ஒரு கமா."

"கமா பாவம், என்ன பண்ணிச்சு?"

"கமான்னா இன்னும் ஒண்ணு வருதுன்னு அர்த்தம். கம்ப்யூட்டர் நம்பி உக்காந்திருக்கு. வந்தது மூடற அடைப்புக்குறி."

"கல்யாணத்துல எங்க சித்தப்பா 'கடைசியா ஒரு வார்த்தை'ன்னு கிண்ணத்தைத் தூக்கிட்டு, ஒண்ணும் சொல்லாமக் குடிச்சுடற மாதிரி" என்றான் எர்மெக்.

கமா போனது. துமார் மறுபடி ஓட்டினாள். சிவப்பு வரிகள் ஏழு.

"அக்கா, ஒண்ணு குறையணுமே?"

"ஒண்ணு போயி வேற ஒண்ணு வந்திருக்கு." அவள் குரலில் கல்லூரிக் காலத்து எரிச்சல் எட்டிப் பார்த்தது. "பிரைமரி கீ. சாபான் எண்ங்கற பத்தியே இல்லைங்குது."

"அதான் முதல் வரியிலேயே இருக்கே. கண்ணு தெரியாதா இதுக்கு?"

"தம்பி, பிரைமரி கீங்கறது ஆட்டுக் காதுல குத்தற நம்பர் மாதிரி. ஒருத்தருக்கு ஒண்ணு, ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் கிடையாது. இந்தப் பத்திதான் காது நம்பர்னு கீழ சொல்லியிருக்கு. மேல அந்தப் பத்தி இல்லைன்னு கம்ப்யூட்டர் சாதிக்குது."

மேலும் இருந்தது, கீழும் இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். துமார் கீழே உள்ளதை அழித்து மறுபடி அடித்தாள். ஏழு. அரைப்புள்ளிகளைச் சரிபார்த்தாள். ஏழு. வெளியே ஒரு ஆடு கத்தியது. எர்மெக்குக்கும் அதையே செய்யத் தோன்றியது. மணி மூன்றே முக்கால்.

"இதுக்குத்தான் நான் வேலையை விட்டேன்" என்று முனகினாள் துமார். பிறகு தேடல் பெட்டியைத் திறந்து, சாபான் என்ற சொல்லைத் தானே அடித்து, தேடச் சொன்னாள்.

"எத்தனை இடத்துல மஞ்சள் அடிக்குது, எண்ணு."

"நாலு."

"கண்ணால பாத்தா எத்தனை?"

எர்மெக் விரல் வைத்து எண்ணினான். "அஞ்சு. முதல் வரியில இருக்கறது மட்டும் மஞ்சள் ஆகல."

"ஏன்னா அது வேற ஆளு. மாறுவேஷம்." துமார் நாற்காலியில் சாய்ந்தாள். "முதல் எழுத்து ஆங்கில 'சி' இல்ல, ரஷ்ய 'எஸ்'. முகம் ஒண்ணு. கீபோர்டுல பொத்தானும் ஒண்ணு. யாரோ ரஷ்யப் பக்கம் வச்சுட்டு அடிச்சிருக்காங்க. முதல் எழுத்து சரியா விழுந்துச்சு, ரெண்டாவது கோணலா விழுந்துச்சு. ரெண்டாவதை மட்டும் அழிச்சுட்டு, ஆங்கிலத்துக்கு மாத்தி, மிச்சத்தை முடிச்சுட்டாங்க. முதல் எழுத்தை யாரும் சந்தேகப்படல."

"அக்கா, நான் எத்தனையோ நாள் இப்படிப் பாஸ்வேர்டு அடிச்சு, பூட்டிப் போட்டிருக்கேன். என் மேலதான் பழி போட்டுக்குவேன்."

"அது பழக்கத்துல வர்ற தப்பு. தலைவரே, இந்தக் கம்ப்யூட்டர்ல நேத்து ரஷ்யப் பக்கம் டைப் பண்ணது யாரு?"

வாசற்படியில் நின்ற மம்பெத் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். புகார் அந்தக் கணினியில்தான் டைப் ஆகியிருந்தது.

"ஃபைல் ஓடலைன்னதும், நானே ஏதாவது செஞ்சு பாக்கலாம்னு... முதல் வரி கொஞ்சம் கோணலா இருந்துச்சு, திருத்தி அடிச்சேன். சாபான்களுக்கு ஒரு தொலைபேசிப் பத்தியும் சேத்தேன். அப்புறம்..."

"அப்புறம் ஒண்ணும் இல்லை. அந்தக் கமாவும் உங்களுதுதான். நீங்க பேசறதைக் கேட்டப்பவே எனக்குத் தோணுச்சு."

எர்மெக் தேநீர்க் கிண்ணத்துக்குள் சிரித்தான். தேநீர் மூக்கில் ஏறியது. தலைவரின் முத்திரை பையிலிருந்து வெளியே வந்து, மறுபடி உள்ளே போயிற்று.

எழுத்து மாறியதும் சிவப்பு மொத்தமாக உதிர்ந்து ஒரே ஒரு வரியில் நின்றது.

"ஓடலைன்னப்புறம்தான் நான் கை வச்சேன்" என்றார் மம்பெத். தோற்றவர்களுக்கே வரும் கூர்மை அவர் குரலில் வந்திருந்தது. "அப்படின்னா முதல்ல ஓடாததுக்குக் காரணம் நான் இல்ல. இந்தக் கடைசி வரிதான். இதைத்தான் அவ வாசிக்கல."

அந்த ஆள் சொன்னது சரி. எர்மெக்குக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

கடைசி வரி ஃபாரின் கீ பற்றியது. மந்தை அட்டவணையில் ஒவ்வொரு மந்தையும் 'நான் மேயப் போவது அங்கே' என்று 'ஜைலோ' என்ற அட்டவணையைக் கைகாட்டியது. அப்படி ஒரு அட்டவணையே இல்லை என்றது கணினி.

"வரிசை தப்பா இருக்கும்க்கா" என்றான் எர்மெக். "கை காட்டறவன் முன்னாடி வந்துட்டான், காட்டப்படறவன் இன்னும் பொறக்கல."

"பரவாயில்லடா, தேறிட்ட." துமார் மந்தை அட்டவணையைத் தூக்கிக் கடைசியில் போட்டாள். ஓட்டினாள். அதே சிவப்பு.

"மாறுவேஷம்?"

ஜைலோ என்ற சொல்லின் ஆறு ஆங்கில எழுத்தையும் அடித்துத் தேடினாள். கைகாட்டும் இடத்தில் மட்டும் மஞ்சள். வேறெங்கும் இல்லை. ஜைலோ அட்டவணையை யாரும் எழுதவே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் 'tor' என்று ஒன்று இருந்தது.

"தோர்" என்று வாசித்தான் எர்மெக். "வலை. மேய்ச்சல் சங்கத்துக்கு மீன் வலை எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் மம்பெத். "நாலாயிரம் மீட்டர் மலையில மீன் வலை. எங்களைக் கேலி பண்ணியிருக்கா."

"பழைய கம்ப்யூட்டர்ல எப்படி ஓடிச்சு?" என்று கேட்ட துமார், தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். "போன வருஷத்து ஜைலோ அட்டவணை அதுல கிடந்திருக்கும். பழைய சுவத்துல புதுக் கூரை சாஞ்சு நின்னிருக்கு. புது மிஷின்ல சுவர் இல்ல, கூரை விழுந்துச்சு."

மணி நாலேகால். துமார் திரும்பினாள். "பெர்மெத், இந்த அட்டவணையை எழுதினது நீதானே?"

"ஆமாக்கா."

"நாரின்காரர் என்ன பேர் வைக்கச் சொன்னார்?"

"மேல ஏறற இடத்தோட பேரு."

"அதுக்கு என்ன பேரு?"

"அதாங்க்கா. மேல... கோடையில ஏறுவாங்களே."

இங்கேயும் மறதியா என்று நினைத்தான் எர்மெக். ஜைலோ என்று ஒரு சொல், பால்குடி மாறாத பிள்ளைகூடச் சொல்லும். இவளுக்கு வாயில் வரவில்லை.

அவன் பேச்சை மாற்றிப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே முதல் மந்தைக்கு முன்னால் ஒரு கிழவர் சாம்பல் குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து இறங்கவில்லை போலிருந்தது. கண் இந்த ஜன்னலிலேயே இருந்தது.

"அந்தச் சாம்பல் குதிரை மேல உக்காந்திருக்கறவர் யாரும்மா?"

"எங்க வீட்டுப் பெரியவர். மாமனார்."

"பேரு?"

"அவரையே கேட்டுக்குங்கண்ணே."

துமார் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள். அக்கா அப்படி வைத்தால் வழக்கில் ஏதோ ஒரு கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். எந்தக் கதவு என்று எர்மெக்குக்கு வழக்கம் போல் தெரியவில்லை.

"பெர்மெத், நீ எழுதின அந்த அட்டவணைப் பேரை மட்டும் வாசி."

அதை அவள் தயங்காமல் வாசித்தாள். உதட்டைக் குவித்து, "த்யோர்" என்றாள்.

"நாங்க தோர்னு வாசிச்சோம்."

"கம்ப்யூட்டர்ல மேல ரெண்டு புள்ளி வைக்க வரலக்கா. விட்டுட்டேன்."

"ரெண்டு புள்ளி போனதும் மலை, வலை ஆயிடுச்சு" என்றாள் துமார். த்யோர் என்றால் மலை உச்சிப் புல்வெளி. வீட்டில் பெரியவர்களை உட்கார வைக்கும் மேலிடத்துக்கும் அதே சொல்தான். "தலைவரே, குதிரை மேல இருக்காரே, அந்தப் பெரியவர் பேரு என்ன?"

"அவரா? ஜைலோபெக்..."

அப்புறம் என்று அவர் சேர்க்கவில்லை. கோபமில்லாமல் பேசும்போது அவர் அதை விட்டது அதுவே முதல் தடவை. அவர் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

எர்மெக்குக்கு மட்டும் இன்னும் விடியவில்லை. "என்னக்கா? பேரு நல்லாத்தானே இருக்கு?"

"டேய், என் வீட்டுக்காரரோட அண்ணன் பேரு உனக்குத் தெரியும்ல?"

"தெமிர்பெக் அண்ணன்..." என்றவன் வாயை மூடவில்லை. தெமிர் என்றால் இரும்பு.

"புகுந்த வீட்டுப் பெரியவங்க பேரை மருமக சொல்லக் கூடாது, அதான் பத்தொன்பது வருஷமா நான் கெட்டிச் சாமான்னே சொல்றேன். நீ எனக்கு மறதின்னு நினைச்சு டீயில வால்நட் போட்டுக் குடுத்துட்டு இருக்க."

எர்மெக் காதுவரை சிவந்தான். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது என்பது இன்னும் மோசம்.

"வாசிச்சா மாமனார் பேரைச் சொன்ன மாதிரி. அவரோ ஜன்னலுக்கு வெளியவே நிக்கிறார்" என்றாள் துமார். "அதான் வாயைத் திறக்கல. எழுதறப்பவும் கை வரல, அர்த்தம் கெடாம வேற சொல் போட்டிருக்கா. நாரின்காரருக்கு அது தெரியாது."

"இந்தக் காலத்துல, கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு..." என்று ஆரம்பித்தார் மம்பெத்.

"யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல" என்றாள் பெர்மெத். அன்று அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அது. "எங்க தெருவுல மத்த மருமகளுங்க எல்லாம் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. இந்தப் படிப்பு படிக்கணும்னு நான் கேட்டப்ப, வீட்டுல எல்லாரும் வேண்டாம்னாங்க. அவர் ஒருத்தர்தான் பேசாம போயி, தன் ஓட்டக் குதிரையை வித்துட்டு வந்தார். இப்ப உக்காந்திருக்காரே, அது இரவல் குதிரை. நான் அவருக்குத் திருப்பிக் குடுக்க என்ன இருக்கு? பேரைச் சொல்லாம இருக்கறது ஒண்ணுதான். போலீஸ்னதும் சொல்லிடலாம்னு பாத்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு. ஜன்னல்ல அவர் தெரிஞ்சார்."

மணி நாலரை. எர்மெக்குக்கு மூக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை தேநீரின் மேல் பழி போட முடியாது.

"ஒரே ஒரு சொல் மாத்தணும்" என்றாள் துமார். "நான் மாத்தினா ரெண்டு வினாடி."

"இருங்கக்கா" என்றான் எர்மெக். அவன் ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. வெளியே போய்ச் சாம்பல் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து, கிழவரிடம் நடந்ததைச் சொன்னான். கோர்வையாகச் சொன்னானா என்பது சந்தேகம். கமாவில் ஆரம்பித்து மீன் வலை வரை எதையும் விடவில்லை.

கிழவர் கேட்டு முடித்து, மெதுவாக இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். பெர்மெத் எழுந்து தலை தாழ்த்தி நின்றாள்.

"மம்பெத், கையில என்ன காகிதம்?"

"ஒண்ணுமில்லண்ணே." அவசரமாக அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் சொருகினார் தலைவர். மேசை ஆடுவது நின்றது.

"எந்தச் சொல்லும்மா?" என்றார் கிழவர் துமாரிடம். அவள் காட்டினாள். "என் பேரை நானே எழுதிக்கறேன். அதுக்குத் தடை கிடையாதே."

பள்ளியில் ஜெர்மன் படித்தவர், அதனால் ஆங்கில எழுத்து தெரியும். ஒற்றை விரலை ஓங்கி, ஆறு பொத்தானையும் தேடித்தேடி அழுத்தினார். திரையில் யாருக்கும் புரியாத ரஷ்யக் குப்பை ஒன்று விழுந்தது.

"பெரியவர் கை பட்டு ரஷ்யப் பக்கம் மாறிடுச்சு" என்று எர்மெக் பாய்ந்து ஆங்கிலத்துக்கு மாற்றினான். அந்த வழக்கில் அவன் கண்டுபிடித்த ஒரே தடயம் அதுதான்.

கிழவர் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். ஜே. ஏ. ஐ. மணி நாலு நாற்பது. எல். அறையில் எல்லோரும் அவர் விரலைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தார்கள். ஓ. இன்னொரு ஓ.

"பெக் வேண்டாமா?"

"பாதி போதும், பெரியவரே" என்றாள் துமார்.

ஓட்டினாள். சிவப்பு இல்லை. மூன்று அட்டவணையும் உருவாகிவிட்டதென்று மூன்று அமைதியான வெள்ளை வரிகள்.

மம்பெத் முத்திரையை எடுத்து ஊதினார். "பெர்மெத், உக்காரும்மா. மன்னிச்சுக்க. முதல் சீட்டை அடி, நான் குத்தறேன். சீக்கிரம்."

பெர்மெத் உட்கார்ந்தாள். விரல்கள் பறந்தன. சாபான் எண், ஒன்று. ஆடுகள், முந்நூற்று நாற்பது. பிறகு பறந்த விரல்கள் அந்தரத்தில் நின்றன. கட்டம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

சாபானின் பெயர்.

அவள் மெல்லத் திரும்பினாள். கிழவர் கதவு வரை போயிருந்தார். திரும்பி வந்து, எர்மெக்கின் நாற்காலியைக் கேட்காமலே இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலை நீட்டினார்.

"நகரு பிள்ளே. இந்தத் தடவை முழுசா எழுதணும்."